காலேஜ் மாறலாமா? அம்பத்தூர் டு பூந்தமல்லி பஸ்ல ஒரு மணி நேரம்... பேப்பர்ல ஒரு வருஷம்!

"அக்கா, டிரான்ஸ்ஃபர்னு ஒண்ணு இருக்காமே? ஃபர்ஸ்ட் இயர் முடிச்சுட்டு, செகண்ட் இயர்ல நேரா வேற காலேஜ்ல போய் உட்கார்ந்துக்கலாமாம். உனக்குத்தான் நாலு பேரைத் தெரியுமே, கொஞ்சம் விசாரிச்சு சொல்லேன்."

கேட்டது என் சித்தி பையன். வீடு அம்பத்தூர் ஒரகடம். படிப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ். படிக்கும் இடம் சென்னையின் இன்னொரு மூலையில் இருக்கும் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். காலையில் அஞ்சே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்புவான். சேரும்போது இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. முதல் செமஸ்டர் நடக்கும்போது சித்தப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு எல்லாமே கணக்கு மாறிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். கட்டணமும் குறைய வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சுற்றளவில்தான் தடுக்கி விழுந்தால் இன்ஜினீயரிங் காலேஜ் ஆச்சே, அதில் ஒன்றுக்கு மாறிக்கொண்டால் என்ன?

நியாயமான கேள்வி. பத்திரிகைக்காரி என்ற தைரியத்தில், "ரெண்டு நாள் டைம் குடுடா" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் ஆனது. போன் போட்டேன், நேரில் போனேன், விதிமுறை பிடிஎஃப்களை மொபைலில் ஜூம் பண்ணிப் படித்தேன். புரிந்தது இதுதான்: நம்ம ஊரில் 'டிரான்ஸ்ஃபர்' என்ற வார்த்தை இருக்கிறது, அதற்கு விண்ணப்பமும் இருக்கிறது. ஆனால் வருடத்தை இழக்காமல் மாறுகிற வழி, ஒரு வகை மாணவர்களுக்கு மட்டும்தான் ஒழுங்காகத் திறந்திருக்கிறது. என் தம்பி அந்த வகையில் இல்லை.

ஒரே பேரு, ரெண்டு யுனிவர்சிட்டி

முதலில் இந்த ஏரியாவின் வரைபடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் 'காலேஜ்'தான். உள்ளே பட்டம் யார் தருகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஆவடியில் வேல்டெக் என்று சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். ஆனால் அந்தப் பெயரில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஹைடெக், மல்டிடெக் என்ற பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்துக்குப் போனால் சவீதா என்ற பெயரிலும் இதே கதை. சவீதா இன்ஜினீயரிங் காலேஜ், அண்ணா பல்கலையின் கீழ் வருவது. சவீதா ஸ்கூல் ஆஃப் இன்ஜினீயரிங், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. இரண்டிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் உண்டு, இரண்டிலும் பட்டம் உண்டு. பட்டத்தில் இருக்கும் முத்திரை வேறு.

கலை, அறிவியல் பக்கம் வந்தால் பட்டாபிராம் இந்து காலேஜ். ஆவடியிலிருந்து போகும் லோக்கல் ரயிலில் 'இந்து காலேஜ்' என்றே ஒரு ஸ்டேஷன் இருப்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மதுரவாயல் போனால் டாக்டர் எம்.ஜி.ஆர் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், அது தனி நிகர்நிலை. நசரத்பேட்டை பனிமலர், அண்ணா பல்கலையின் கீழ் இருக்கும் தன்னாட்சிக் கல்லூரி. அதாவது பட்டம் அண்ணா பல்கலையுடையது, பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியே வைத்துக்கொள்வது.

ஒரு ஷேர் ஆட்டோ ரூட்டுக்குள் இத்தனை அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் பாடத்திட்டம், அதனதன் கிரெடிட் கணக்கு. நீங்க ஒரு இடத்தில் படித்த 'பிசிக்ஸ் ஃபார் இன்ஜினீயர்ஸ்', பக்கத்து கேட்டில் அதே பாடம்தானா என்பதை யாராவது உட்கார்ந்து, இரண்டு சிலபஸையும் பக்கத்தில் வைத்து, யூனிட் யூனிட்டாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த 'யாராவது' யார் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு மூன்று வாரத்தில் பாதி போனது.

'வேகன்சி இருந்தா பார்க்கலாம்மா'

அண்ணா பல்கலையோடு இணைந்த ஒரு கல்லூரியிலிருந்து அதே பல்கலையின் இன்னொரு கல்லூரிக்கு மாறுவது ஓரளவு சாத்தியம். இப்போது படிக்கும் கல்லூரி ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தர வேண்டும். போகிற கல்லூரியில் அதே பிரிவில் காலியிடம் இருக்க வேண்டும், அவர்களும் சம்மதிக்க வேண்டும். அதற்குமேல் அரசுத் தரப்பு, பல்கலைக்கழகத் தரப்பு ஒப்புதல் வாங்க வேண்டும். எல்லாம் செமஸ்டர் தொடங்கும் முன்பே நடக்க வேண்டும். இரண்டில் ஒன்று தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் விட்டுப்போன பாடங்களைத் தனியாக எழுத வேண்டியிருக்கும்.

இதில் சிக்கலே அந்த முதல் காகிதம்தான். நீங்க வெளியே போக, உங்களை அனுப்ப விரும்பாத இடத்திடமே அனுமதி கேட்க வேண்டும். ஒரு மாணவர் போனால் மூன்று வருடக் கட்டணம் போகிறது. எந்த நிர்வாகம் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போடும்?

தம்பி கேஸ் இதைவிட ஒரு படி கஷ்டம். நிகர்நிலையிலிருந்து அண்ணா பல்கலைக்கு, அதாவது பல்கலைக்கழகமே மாறுகிறது. டி.சி, மைக்ரேஷன் சர்டிஃபிகேட், முத்திரை வைத்த சிலபஸ் நகல், மதிப்பெண் பட்டியல் என்று ஒரு ஃபைல். அதற்குப் பிறகும் 'படித்தது சமம்' என்று புதிய பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். நான் பேசிய கல்லூரி அலுவலகங்களில் யாரும் முகத்தில் அடித்த மாதிரி "முடியாது" என்று சொல்லவில்லை. "வேகன்சி இருந்தா பார்க்கலாம்மா", "யுனிவர்சிட்டில கேட்டுட்டு சொல்றோம்மா", "பையனை மறுபடியும் ஃபர்ஸ்ட் இயர் சேர்த்துடுங்களேன், ஈஸியா இருக்கும்". மூன்றாவது பதில்தான் உண்மையான பதில் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

திறந்திருக்கும் ஒரே கதவு

இப்போது அந்த 'ஒரு வகை'க்கு வருவோம். டிப்ளமோ மாணவர்கள்.

பத்தாவது முடித்து மூன்று வருட பாலிடெக்னிக். அதன் பிறகு பி.இ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். 'லேட்ரல் என்ட்ரி' என்று சொல்வது இதைத்தான். யாரிடமும் என்.ஓ.சி கெஞ்ச வேண்டியதில்லை. டி.என்.எல்.இ.ஏ என்ற பெயரில் மாநிலம் முழுக்க ஒரே ஆன்லைன் விண்ணப்பம், டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்து ரேங்க் லிஸ்ட், அதன்படி கவுன்சலிங். பல வருடங்களாக இந்தக் கவுன்சலிங்கை நடத்தி வந்திருப்பது காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி. லேட்ரலுக்கென்று ஒதுக்கப்பட்ட கூடுதல் இடங்களோடு, முதல் வருடத்தில் நிரம்பாமல் போன இடங்களும் இவர்களுக்குக் கிடைக்கும். முதல் பட்டதாரி சான்றிதழும் இந்த விண்ணப்பத்தில் கேட்கப்படும் ஆவணங்களில் ஒன்று.

பி.எஸ்சி முடித்தவர்களும், பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால், இதே வழியில் இரண்டாம் ஆண்டுக்குள் வரலாம். இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ், இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் போன்ற முதலாண்டுப் பாடங்களை மட்டும் கூடவே எழுதி முடிக்க வேண்டும். இந்தத் தகவல் பல பி.எஸ்சி மாணவர்களுக்கே தெரியவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

இந்தப் பகுதியில் இந்த ஏணி இன்னும் கீழேயிருந்தே தொடங்குகிறது. அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ இருக்கிறது. இரண்டு வருட டிரேடு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். ஆவடி சத்தியமூர்த்தி நகரில் முருகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கிருந்து லேட்ரலில் பி.இ இரண்டாம் ஆண்டு. பத்தாவதோடு ஃபிட்டர் படிக்கப் போன ஒருவர், வீட்டை விட்டு வெளியூர் போகாமலே, 47 நம்பரோ ரயிலோ பிடித்துப் போகும் தூரத்துக்குள்ளேயே இன்ஜினீயர் ஆகிவிடலாம். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கும் ஆவடி டேங்க் ஃபேக்டரிக்கும் ஆள் எடுத்து எடுத்து வளர்ந்த ஊர் இது. இங்கே பல வீடுகளில் அப்பா ஐ.டி.ஐ, பையன் டிப்ளமோ, பேத்தி பி.இ என்று மூன்று தலைமுறையில் ஏறிய ஏணியை, இன்றைக்கு ஒரே ஆள் ஏழு வருடத்தில் ஏற முடிகிறது. நானும் டிப்ளமோகாரிதான் (ஜர்னலிசம்), அதனால் எனக்கு இதில் கொஞ்சம் தனிப்பட்ட சந்தோஷமும் உண்டு.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். லேட்ரலில் வந்தவர்களிடம் பேசினால் முதலில் வருவது மேத்ஸ் புலம்பல். மூன்றாம் செமஸ்டரில் பல பிரிவுகளுக்கு 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பேரைப் படிக்கவே மூச்சு வாங்கும். முதல் வருடம் இரண்டு மேத்ஸ் பேப்பர் எழுதிப் பழகிய கிளாஸில், மூன்றாவது பேப்பருக்கு நேராக வந்து உட்கார வேண்டும். "லேப்ல நாங்கதான் கெத்து, அவங்க மிஷினையே அப்பதான் பார்ப்பாங்க. மேத்ஸ் கிளாஸ்ல மட்டும் நாங்க லாஸ்ட் பெஞ்ச்" என்றார் ஆவடியைச் சேர்ந்த ஒரு மெக்கானிக்கல் மாணவர். 'லேட்ரல் பசங்க' என்று தனியாகப் பிரித்துப் பேசும் பழக்கமும் பல வகுப்புகளில் இருக்கிறது. முதல் வருட நட்பு வட்டத்துக்குள் நடுவில் வந்து நுழைவது லேசு இல்லை.

ஆனாலும் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முற்றிலும் வேறு போர்டு, வேறு பாடத்திட்டம், வேறு வயதில் படித்த டிப்ளமோவை 'ஒரு வருட பி.இ-க்குச் சமம்' என்று ஏற்றுக்கொள்ள நம் அமைப்புக்கு எந்தத் தயக்கமும் இல்லை. முதலிலேயே ஒரு விதி எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். அதே அமைப்பு, பக்கத்து கேட்டில் அதே பி.இ முதலாண்டை முடித்து வருபவனிடம் மட்டும் பாடம் பாடமாகச் சமத்தன்மை கேட்கிறது. கஷ்டம் பாடத்தில் இல்லை. பொதுவான விதி எழுத யாரும் உட்காராததில் இருக்கிறது.

அக்கவுன்ட்ல காசு இருக்கு, கடைக்காரர் வாங்க மாட்டேங்கிறார்

"அப்போ ஏ.பி.சி ஐடின்னு காலேஜ்ல போன வருஷம் கிரியேட் பண்ணச் சொன்னாங்களே, அது எதுக்கு?" தம்பியின் அடுத்த கேள்வி.

சரியான கேள்விடா. அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ். தேசியக் கல்விக் கொள்கையின் முதலாம் ஆண்டு நிறைவில், 2021 ஜூலை மாதம், யு.ஜி.சி இதற்கான விதிமுறைகளோடு தொடங்கியது. டிஜிலாக்கர் வழியாக ஒரு அக்கவுன்ட், 12 இலக்க எண். நீங்க எந்தக் கல்வி நிறுவனத்தில் ஒரு பாடம் தேர்ச்சி பெற்றாலும் அதன் கிரெடிட் இங்கே வந்து விழும். அதிகபட்சம் 7 வருடம் வரை செல்லும். ஓர் இடத்தில் சேர்த்த கிரெடிட்டை இன்னோர் இடத்தில் பட்டத்துக்குப் பயன்படுத்தலாம். பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது 50 சதவிகித கிரெடிட் படித்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

கேட்கும்போது காலேஜ் மாறுகிறவர்களுக்காகவே செய்த மாதிரி இருக்கிறது. நடைமுறையில், பேங்க் உங்கள் கிரெடிட்டைப் பத்திரமாக வைத்திருக்கும். அதை ஏற்றுக்கொள்வதா, எந்தப் பாடத்துக்குப் பதிலாக ஏற்பது, உங்களுக்கு சீட் தருவதா என்பதெல்லாம் நீங்க போய்ச் சேரும் நிறுவனத்தின் முடிவு. ஏ.டி.எம்மில் பேலன்ஸ் காட்டுகிறது, கடையில் அந்த நோட்டை வாங்க ஆளில்லை என்கிற நிலைமை. இதுவரை பெரும்பாலான மாணவர்களுக்கு ஏ.பி.சி ஐடி என்பது தேர்வு விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய இன்னொரு கட்டம், அவ்வளவே.

இதில் அரசியலும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு தேசியக் கல்விக் கொள்கையை எதிர்க்கிறது. எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம், ஒரு வருடம் படித்தால் ஒரு சான்றிதழ் என்ற ஏற்பாடு, கஷ்டப்படும் குடும்பத்துப் பிள்ளைகளைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பும் வழியாக மாறிவிடும் என்பது இங்கே வலுவாக வைக்கப்படும் வாதம். என் பார்வையில் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 'ஒரு வருஷ சர்டிஃபிகேட் இருக்குல்ல, போதும் வேலைக்குப் போ' என்று சொல்லும் வீடுகளை எனக்குத் தெரியும், அதுவும் பெண் பிள்ளைகளிடம். ஆனால் படிப்பை விட்டு வெளியேறுவதும், படிப்பைத் தொடரத்தான் இடம் மாறுவதும் ஒன்றில்லை. முதலாவதை எதிர்ப்பதற்காக இரண்டாவதையும் கிடப்பில் போட வேண்டியதில்லை. மாநிலத்துக்குள் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இடையே 'இந்தப் பாடத்துக்கு இந்தப் பாடம் சமம்' என்று ஒரு பட்டியல் போட, டெல்லியின் கொள்கை எதுவும் தேவையில்லை. காரைக்குடியில் லேட்ரல் கவுன்சலிங்கை நடத்திக் காட்டிய மாநிலம்தான் இது.

அப்படிப் பட்டியல் போட்ட ஊர் உலகத்தில் இல்லாமலும் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1960-ல் போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே, பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மூன்றாம் வருடம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழியைச் சேர்த்துவிட்டார்கள். 60 செமஸ்டர் யூனிட் முடித்தால் மூன்றாம் ஆண்டு மாணவராக விண்ணப்பிக்கலாம். 'அசிஸ்ட்' என்ற இணையதளத்தில் உங்கள் கம்யூனிட்டி காலேஜையும் போக விரும்பும் கேம்பஸையும் தட்டினால், எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் சமம் என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறது. ஃப்ரீமான்ட் பக்கம் இருக்கும் நம்மவர்கள் வீட்டுப் பிள்ளைகளிலும் கட்டணத்தை மிச்சம் பிடிக்க இப்படிப் போகிறவர்கள் உண்டு. அங்கே 'டிரான்ஸ்ஃபர் ஸ்டூடன்ட்' என்றால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. இங்கே "ஏன் பாதியில விட்டான்? என்ன பிரச்னை பண்ணான்?" என்று அடுத்த வீட்டு ஆன்ட்டி கேட்பார். சித்தியிடம் கேட்டும்விட்டார்.

யுத்தம் வந்தும் திறக்காத கதவு

நம் அமைப்பு இடம் மாறுகிறவர்களை எப்படிப் பார்க்கிறது என்பதற்குச் சமீபத்திய பெரிய உதாரணம், உக்ரைனிலிருந்து திரும்பிய மருத்துவ மாணவர்கள். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் பாதிப் படிப்போடு ஊர் திரும்பினார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் நிறைய. இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் இடம் கொடுங்கள் என்று மாநில அரசும் கேட்டது. விதிமுறையில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் கொடுத்த சலுகை, வேறு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிப்பைத் தொடரலாம், பட்டம் உக்ரைன் பல்கலைக்கழகமே தரும் என்பது. அதாவது இன்னொரு நாட்டுக்குப் போகலாம், ஆனால் பூந்தமல்லி ஹைரோட்டில் இருக்கும் காலேஜுக்கு வர முடியாது. 

மருத்துவத்தில் தரக் கட்டுப்பாடு வேண்டும், நீட் தரவரிசையைத் தாண்டிப் பின்வாசல் வழியே யாரும் வரக் கூடாது என்ற கவலை சரிதான். பொறியியலிலும் இதே கவலையைச் சொல்வார்கள்: பணம் கட்டி ஓர் இடத்தில் நுழைந்து, பிறகு கவுன்சலிங் சீட்டுக்குத் தாவிவிடுவார்களே என்று. லேட்ரலில் அதற்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது. ரேங்க் லிஸ்ட் போடுங்கள், காலியிடத்தை வெளிப்படையாகக் காட்டுங்கள். முதலாண்டு மதிப்பெண்ணை வைத்து ரேங்க் போட முடியாதா என்ன?

போற வழியில பறிபோற பணம்

காலேஜ் மாற நினைக்கும் வீடுகளில் அடுத்த சண்டை பணத்துக்கு. இதில் விதிகள் மாணவர் பக்கம் ஓரளவு தெளிவாகவே இருக்கின்றன, தெரிந்தவர்கள்தான் குறைவு.

2018 அக்டோபரில் யு.ஜி.சி போட்ட உத்தரவுப்படி எந்தக் கல்வி நிறுவனமும் மாணவரின் ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சேரும்போது பார்த்துச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கட்டணத்தையும் அந்தந்த செமஸ்டருக்கோ வருடத்துக்கோ மட்டும்தான் முன்கூட்டி வாங்கலாம். "நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு டி.சி வாங்கிட்டுப் போ" என்று சொல்வது மிரட்டல், விதி இல்லை. 

திருப்பித் தருவதற்கும் கணக்கு உண்டு. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுப் பணம். அதற்குள் 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் 90 சதவிகிதம். கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் 80, ஒரு மாதத்துக்குள் 50. அதைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. நுழைவுத் தேர்வுகளும் கவுன்சலிங்கும் தள்ளிப்போன வருடங்களில் யு.ஜி.சி இதைத் தளர்த்தியும் இருக்கிறது. 2024-25-ல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுப் பணம், அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. ஆக, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் பணம்.

தம்பி விஷயத்தில் அந்த ஒரு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. முதல் வருடப் பணம் போனது போனதுதான். ஒரிஜினல் மார்க் ஷீட்டுக்கு மட்டும் அலுவலகத்தில் நான்கு முறை நடந்தான். "சார் லீவு", "சீல் இல்ல", "ஹெச்.ஓ.டி சைன் வேணும்". நான்காவது முறை, எழுத்துப்பூர்வமாக ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று சீல் கேட்டான். மறுநாளே சான்றிதழ் வந்துவிட்டது. அப்படியும் வரவில்லை என்றால் யு.ஜி.சி-யின் 'இ-சமாதான்' தளத்தில் புகார் செய்யலாம். 2023-ல் வந்த விதிப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர்க் குழுவும், அதற்கு மேல் முறையீட்டுக்கு ஒரு ஆம்பட்ஸ்பர்சனும் இருக்க வேண்டும். சான்றிதழைப் பிடித்து வைப்பதும் பணத்தைத் திருப்பித் தராததும் அவர்கள் விசாரிக்க வேண்டிய விஷயங்கள். பள்ளி விஷயமாக இருந்தாலும் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னது இங்கேயும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்: கட்டண பாக்கியை வசூலிக்க டி.சி-யை ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடாது.

மாறியே ஆகணும்னா...

நீங்களும் இந்த நிலைமையில் இருந்தால், வீட்டில் சொல்வதற்கு முன்னாலேயே ஒரு வேலை செய்யுங்கள். போக விரும்பும் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, தன்னாட்சியா என்று பாருங்கள். உங்கள் பல்கலைக்கழகமேதான் என்றால் முயற்சி செய்யுங்கள், அரியர் வைக்காமல். வேறு பல்கலைக்கழகம் என்றால், உங்கள் கிரெடிட்டில் எத்தனை ஏற்போம் என்பதை அங்கே எழுத்தில் கேளுங்கள். போனில் "வாங்க பார்த்துக்கலாம்" என்று சொன்னதை நம்பி இங்கே டி.சி வாங்கிவிடாதீர்கள். டி.சி வாங்கிய பிறகு நீங்க எந்தக் கல்லூரி மாணவரும் இல்லை. இரண்டு பக்கமும் போன ஒரு பெண்ணிடம் பேசினேன், திருவேற்காட்டுக்காரர். "முதல்ல இங்க சீட்டை உறுதி பண்ணிட்டு அங்க லெட்டர் குடுத்திருக்கணும். நான் தலைகீழா பண்ணிட்டேன்" என்றார். ஒரு வருடம் வீட்டில் இருந்தார்.

உதவித்தொகை வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கல்லூரி மாறினால் அது தொடருமா, மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டுமா என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள். கல்விக் கடன் என்றால் பேங்க் மேனேஜரிடமும்.

பாடம்தான் பிடிக்கவில்லை, காலேஜ் ஓகே என்பவர்களுக்கு மாறாமலே ஒரு வழி வந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் யு.ஜி.சி ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்க அனுமதித்தது. சென்னை ஐ.ஐ.டி-யின் ஆன்லைன் பி.எஸ் டேட்டா சயின்ஸை, வேறொரு காலேஜில் படித்துக்கொண்டே படிக்கிறவர்கள் நிறைய. பி.காம் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பைத்தான் அசைன்மென்ட் போடும் கூட்டத்தை ஆவடி லோக்கலில் நானே பார்த்திருக்கிறேன். என் தம்பிக்கு இது உதவாது, அவன் பிரச்னை பாடம் இல்லை, தூரமும் அப்பாவும்.

கடைசியில் அவன் எடுத்த முடிவு, அந்த மூன்றாவது பதில்தான். அதே பிளஸ் டூ மார்க்கை வைத்து மறுபடியும் பொறியியல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்தான். அண்ணா பல்கலையோடு இணைந்த ஒரு கல்லூரி, வீட்டிலிருந்து நாற்பது நிமிடம், பழைய கட்டணத்தில் பாதிக்கும் கீழே. சித்தப்பாவை மாதம் ஒரு முறை செக்கப்புக்குக் கூட்டிப்போக நேரம் இருக்கிறது. அவனோடு பிளஸ் டூ முடித்தவர்கள் இப்போது செகண்ட் இயர், இவன் மறுபடியும் ஃபர்ஸ்ட் இயர். போன வருடம் பாஸ் பண்ணிய அதே பிசிக்ஸ், அதே கெமிஸ்ட்ரி, அதே இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ்.

"போர் அடிக்குதாடா?" என்று கேட்டேன்.

"கிராஃபிக்ஸ் கிளாஸ்ல எனக்குத்தான் முதல்ல முடியுது அக்கா. சார், 'எப்பிடிடா இவ்ளோ ஃபாஸ்ட்டா?'ன்னு கேட்டார். ஒண்ணும் சொல்லல" என்றான். மினி டிராஃப்டர் மட்டும் புதிதாக வாங்கவில்லையாம். பழசே நல்லாத்தான் இருக்கிறது.